அரை மணி நேரக் கஞ்சி

"மூணு நிமிஷத்துல வேகுற ஓட்ஸ் பஜார்ல கொட்டிக் கெடக்குது. உனக்கு மட்டும் அரை மணி நேரம் கிண்டுற ஓட்ஸ்தான் வேணுமா? இன்னாப்பா அநியாயம் இது?"

கேட்டது மகள் வாணி. ராஜேந்திரன் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ராதிகா, கரண்டிய விட்டுடாதம்மா. அடி புடிச்சா நான் வாயில வைக்க மாட்டேன்."

"சரி மாமா."

வாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பங்காருபேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ரெண்டு நாள் தங்க, கோலார் தங்கவயல் ஊரிகத்துக்கு வந்தாலும் பிறந்த வீட்டை ஒரு திருத்துத் திருத்தாமல் திரும்ப மாட்டாள்.

விஷயம் இதுதான். ராஜேந்திரனுக்குச் சர்க்கரை. டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். மகன் பரத் ரெண்டு வகை வாங்கி வந்தான். ஒன்று அவல் மாதிரி, சுடுதண்ணீர் பட்டாலே வெந்துவிடும். இன்னொன்று ஸ்டீல் கட் ஓட்ஸ். உடைத்த நொய் மாதிரி இருக்கும், லேசில் வேகாது. கிண்டுவதை நிறுத்தினால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

பெரியவர் ரெண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? ஒருத்தர் கிண்ட வேண்டுமாம், இன்னொருத்தர் பக்கத்திலேயே நின்று சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டுமாம்.

கிண்டுகிறவள் மருமகள் ராதிகா. விடிந்தும் விடியாமலும் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவள். ஊற்றுகிறவன் பரத். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சிவந்த கண்ணோடு நேராக அடுப்படிக்கு வருகிறவன். சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் அவன் மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பான்.

வாணி எட்டிப் பார்த்தாள். பரத் சொம்பும் கையுமாக ஏதோ சொல்ல, ராதிகா கிண்டிக்கொண்டே சிரித்தாள்.

பாவம், இத்தனை கஷ்டத்திலும் சிரிக்கிறாளே என்று வாணிக்கு மனசு அடித்துக்கொண்டது.

ராதிகா ரயிலுக்குப் போய், பரத்தும் தூங்கிய பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெங்களூர்லயே ஹாஸ்டல் பாத்துக்கறேன்னு அண்ணி சொன்னாங்களே, மறந்துட்டியா? அவங்க போனா அண்ணன் மட்டும் இங்க இருக்குமா? அப்புறம் யாரக் கூப்புட்டுக் கிண்டச் சொல்லுவ?"

"ஓட்ஸ் நல்லா இருக்குது" என்று ராஜேந்திரன் கிண்ணத்தை வழித்தார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. வாணி அன்றைக்கே ஓட்ஸை ஊற வைத்தாள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து குக்கரில் போட்டாள். ரெண்டே விசில். குழைந்து வெந்திருந்தது.

ஈரத் தலையோடு வந்த ராதிகா அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஓட்ஸ் ஆயிடுச்சு அண்ணி. இன்னிக்காவது நிம்மதியாக் கெளம்புங்க."

"ஓ... ஆயிடுச்சா?"

ராதிகா சும்மா கொஞ்ச நேரம் நின்றாள். வாசலை ஒரு தரம் பார்த்தாள். வேறு வேலை இல்லாததால் பையை எடுத்துக்கொண்டு, முந்தின ரயிலுக்கே போய்விட்டாள்.

அவள் போன சூட்டோடு பரத் வந்தான். அடுப்பு அணைந்திருந்தது.

"ராதிகா?"

"கெளம்பிட்டாங்கண்ணா. நீ போய்ப் படு."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றான். பிறகு போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

வாணி பெருமையாகக் கிண்ணத்தை அப்பா முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

"யாரு கிண்டுனது?"

"யாரும் கிண்டல. குக்கர்தான்."

அவர் கிண்ணத்தைத் தள்ளினார். "நேத்து களி மிச்சம் இருந்தா எடுத்துக்கினு வா."

"ஏன், அண்ணி கையால கிண்டுனாத்தான் எறங்குமா?"

"இந்தக் கருமம் யாரு கிண்டுனாலும் எறங்காது. தெனம் மூச்சப் புடிச்சிக்கினு முழுங்கறேன். அவங்க ரெண்டு பேரும் கிண்டலன்னா நான் ஏன் இதத் தின்னணும்?"

வாணிக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே தூங்குகிற மகனுக்குக் கேட்காமல் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வேல செஞ்ச சுரங்கத்துல, ஷாஃப்ட்ல ஆளுங்கள ஏத்தி எறக்குற கூண்டு, கேஜ்னு சொல்லுவோம், ரெண்டு ஓடும். ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். நடுவுல தாண்டிப் போறப்ப எதிர்க் கேஜ்ல இருக்கறவன் மூஞ்சி ஒரு நொடி தெரியும். நானும் உங்கம்மாவும் அப்பிடித்தான் குடும்பம் நடத்துனோம். எனக்கு நைட் ஷிப்ட், அவளுக்கு ஆஸ்பத்திரில பகல் டூட்டி. வாசல்ல சாவிய மாத்திக்கறதோட சரி. ரிட்டயர் ஆனப்புறம் ஒக்காந்து பேசிக்கலாம்னு வச்சிக்கினு இருந்தோம். அதுக்குள்ள அவ போய்ட்டா."

தள்ளி வைத்த கிண்ணத்தை அவர் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னிக்கும் காலைல எழுந்தா அவகிட்ட எதுனா சொல்லணும் போலவே இருக்குதும்மா."

வாணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குக்கரைக் கழுவிப் பரண்மேல் ஏற்றினாள்.

சாயங்காலம் ராதிகா அசதியோடு வந்தாள். பரத் அதற்கு முன்பே ஷிப்டுக்குப் போயிருந்தான். அவனுடைய சட்டை கொடியில் தொங்கியது. அதைத் தொட்டு மடித்து வைத்துவிட்டு, ஓட்ஸ் டப்பாவைத் திறந்தாள்.

"வாணி, நீ செஞ்ச மாதிரி இப்பவே ஊற வச்சிடட்டுமா?"

வாணி ஓடிவந்து டப்பாவை மூடினாள்.

"ஐயோ, வேணாம் அண்ணி. ஊறுனா சீக்கிரம் வெந்துடும்!"