மை இறங்காத பேனா

பேனா ரிப்பேர்காரர் மூச்சிரைக்கப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். மணப்பெண் கைக்கு வந்ததும் மைப்பேனா மக்கர் செய்தது. ரிப்பேர்காரரைப் பார்த்துப் பதறியவள், நிப்பைக் காகிதத்தில் அழுத்திக் கீறினாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயையோ, கீறாதே! நிப்பு போயிடும். கொடு இப்படி!"

நிப்பைக் கழற்றி, மேஜைமேல் இருந்த தண்ணீரில் அலசினார். சட்டைப்பையிலிருந்த பிளேடால், பிளவில் காய்ந்திருந்த மையை வழித்தெடுத்து மறுபடி மாட்டினார்.

"இப்பப் போடு. வழுக்கிட்டுப் போகும்."

வழுக்கிக்கொண்டுதான் போனது. பதிவாளர் முத்திரை குத்தினார். ரிப்பேர்காரர் முகத்தில் அப்படியொரு பெருமிதம்!

அப்போது அவர் மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, நம்ம பொண்ணு கல்யாணத்தை நிறுத்திட்டீங்களா?"

மைக்கறை படிந்த விரலைப் பார்த்தார்.

"அது தானாவே நின்னுச்சுடி... நான்தான் ரிப்பேர் பண்ணி நடத்தி வெச்சுட்டேன்!"