செலரிப் பாத்தி

"அவசரப்படாதீங்க. ஒன்றரை வரைக்கும் ராகுகாலமுங்க. முடிஞ்சதும் அட்வான்ஸை வாங்கிக்கறேன்" என்றார் அங்கப்பன்.

"ஆமாமுங்க, நல்ல காரியத்தை நல்ல நேரத்துல பண்ணிக்கலாம்" என்று தம்பிதுரை மஞ்சள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சிங்காநல்லூரில் அது பழைய ஓட்டு வீடு. வாங்கி இடித்துவிட்டு, அங்கே பெரிய லேத் பட்டறை போடுவது தம்பிதுரையின் திட்டம். மில்லில் ரிட்டையரான அங்கப்பனுக்கு வேறு கணக்கு. விற்ற பணத்தை ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டுவிட்டு, வாடகை வீட்டில் இருந்தபடி வட்டியிலேயே ராஜா மாதிரி சாப்பிடலாம்.

அவர் மனைவி ராமாமணி ஒரு மாதம் அழுதாள், சண்டை போட்டாள். ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. இன்று அவளே சிரித்த முகத்தோடு காபி கொண்டுவந்ததில் அங்கப்பனுக்குப் பெரிய நிம்மதி.

"சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பொடக்காலிப் பக்கம் வாங்க. எங்க செலரியைப் பாருங்க" என்றாள்.

"செலரியா? அது என்னங்க?"

"சைனீஸ் ஓட்டல் சூப்புல மிதக்குமில்லீங்க, அந்தத் தண்டு."

"போய்ப் பாருங்க. ஊட்டியில விதை வாங்கியாந்தா. என்னைவிட அதைத்தான் நல்லாப் பாத்துக்கறா" என்று சிரித்த அங்கப்பன், மின்விசிறிக்கு அடியிலிருந்து நகரவில்லை.

வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நீளமான பாத்தி. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று செடிகள்.

"விதை எத்தனை பொடி தெரியுமுங்களா? கடுகைப் பத்தாக் கிள்ளினாப்பல இருக்கும். மணல்ல கலந்துதான் தூவோணும். ஆனா, மேல மண்ணைப் போட்டு மூடிரப்படாது."

"மூடாட்டி எப்படீங்க முளைக்கும்?"

"வெளிச்சம் பட்டாத்தானுங்க இது கண்ணு முழிக்கும். மூடினா அப்படியே தூங்கிப்போயிரும். முளைக்கவே மூணு வாரம் ஆச்சு. 'வெறும் மணலுக்குத் தண்ணி தெளிக்கறா'ன்னு எங்க ஊட்டுக்காரரு தெருவே கேக்கச் சிரிச்சாரு."

தம்பிதுரை எந்த எந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிற ஆள். குனிந்துவிட்டார். "தண்டுல என்னங்க அட்டை சுத்தியிருக்குது?"

"மில்லுல நூல் சுத்தற கோனுங்க. வெட்டிச் செருகிவிட்டேன். வெயில் படாத தண்டு வெளுத்து, இளசா இருக்கும். முளைக்கறப்ப வெளிச்சம் வேணும், வளந்தாக் காலுக்கு இருட்டு வேணும். கொஞ்சம் பிகு புடிச்சதுங்க."

"சரி, ஊட்டிச் செடி நம்மூர் வெயிலைத் தாங்குமுங்களா?"

"இப்பத் தை மாசந்தானுங்களே, ராத்திரிக் குளிரு இருக்குது. அதைவிட முக்கியம் ஈரமுங்க. இது சதுப்பு நெலத்துல பொறந்த செடி. வேரு எப்பவும் நனைஞ்சே கெடக்கோணும். ஒரு நாள் காஞ்சாலும் தண்டு நார் நாராப் போயிரும். கசக்கும்."

"அப்ப தெனமும் பத்துக் குடமாச்சும் ஊத்துவீங்களாட்ட இருக்குது."

"இந்த ஒரு வாரமா ஒரு சொம்புகூட ஊத்தலைங்க" என்றாள் ராமாமணி பெருமையாக.

தம்பிதுரை நிமிர்ந்தார். உச்சி வெயில். காலடியைப் பார்த்தார். செருப்பு பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எடுத்ததும் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. இரண்டடி தள்ளி நின்றார். அங்கேயும் கொழகொழவென்றுதான் இருந்தது. சுவரின் அடியில் கை வைத்தார். சில்லென்றது.

"ஏனுங்க, சிங்காநல்லூர் ஏரி இங்கிருந்து எவ்வளவு தூரமுங்க?"

"கூப்பிடு தூரந்தானுங்க. சாயங்காலம் காத்து அள்ளிக்கிட்டுப் போகும்."

"பத்து டன் மெஷினை நிறுத்தோணுமே..." என்று தமக்குள் முனகினார் தம்பிதுரை.

"தாராளமா நிறுத்துங்க. இந்தப் பாத்தியை மட்டும் இடிக்காம உட்டுருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தம்பிதுரை விறுவிறுவென்று முன்பக்கம் வந்து, மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கினார்.

அங்கப்பன் பதறி எழுந்தார். "எங்கீங்க கெளம்பிட்டீங்க? ராகுகாலத்துல காலெடுத்து வெக்காதீங்க!"

"உங்க பொடக்காலியில வெச்ச காலே உள்ளே போயிருச்சுங்க. மெஷினை வெச்சா என்னாகறது? வாரேனுங்க."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. அங்கப்பன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்படி என்ன புள்ளே சொன்னே அவருகிட்ட?"

"செலரி எப்படி வளக்கறதுன்னு சொன்னேனுங்க. அவரு கேட்டாரு, நான் சொன்னேன். ஒரு வார்த்தை பொய்யில்லைங்க."

"உன்ற செலரியில கொள்ளியை வெக்க! இவரு போனாப் போறாரு. சூலூர்ப் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குது. ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். அன்னிக்கு நீ வாயே தொறக்கப்படாது, சொல்லிப்போட்டேன்."

"நான் எதுக்குங்க பேசறேன்? அவங்களுக்குப் பாக்கத் தெரியாதுங்களா?"

அங்கப்பன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார். குறட்டைச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்த ராமாமணி, ஒரு செலரித் தண்டை ஒடித்துக் கடித்தபடி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

சுவரோரம் முழுக்க மண்ணுக்குள் அவள் புதைத்து வைத்திருந்த, ஊசியால் குத்திய ஹோஸ் பைப்புக்குத் தண்ணீர் விடும் குழாயை இறுக மூடினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு, வெள்ளிக்கிழமை திறந்துவிட்டால் போதும்.