சாக்குக்குள் மூச்சு

ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றதும் பஸ்ரியன் இரண்டு தரம் இருமினார். கக், கக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவை நடத்தும் சுபாங்கி சிரித்தாள். கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் நாடகம் போட்ட எவருக்கும் அந்த இருமல் தெரியும். இருபது வருடமாக வில்லன் குரல் என்றால் பஸ்ரியன்தான். தொடங்குமுன் இரண்டு இருமல், பிறகு ஒரே டேக். இருமலை வெட்டி எறிவது ஒலிப்பதிவாளர் பாடு.

கீழே சாப்பாட்டுக் கடை. கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் ஓயும் நேரம் பார்த்துத்தான் மேலே பதிவு நடக்கும்.

இன்றைக்கு ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்துக்குத் தமிழ்க் குரல். உலகப் போர் முடியாமலே இழுபட்டுக்கொண்டிருக்கிற, நிஜத்தில் இல்லாத ஒரு பழைய டோக்கியோ. கறுப்புக் கோட்டுப் பொலிஸ். பாலத்தடியில் ஒரு ஜீப். அதற்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன். சனத்தை வரிசையாக அவன் முன்னால் நடத்திக் கொண்டுவருவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் லொறிக்குள்.

"அங்கிள், உங்களுக்கு டயலாக்கே இல்லை. ஜஸ்ட் பிரீதிங்," என்றாள் சுபாங்கி. "இந்த ரோலுக்கு உங்களை விட்டா ஆளில்லையெண்டு பத்மநாதன் அங்கிள்தான் அடிச்சுச் சொன்னவர்."

பக்கத்து ஒலிவாங்கியில் நின்ற பத்மநாதன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. படத்தில் வரிசையில் வரும் கைதி அவர். பதினைந்து வருடச் சிநேகிதம். இலங்கையில் ஆமி பிடித்துக்கொண்டு போன தம்பிக்குத் திவசம் செய்ய மனம் வராமல், வருடாவருடம் அவனுடைய பிறந்தநாளுக்குச் சமைத்துப் போடுகிற மனிதர். பஸ்ரியனும் போய் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

தம்பியை எங்கே பிடித்தார்கள், எப்போது பிடித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது.

பத்தொன்பது வயதில், மூன்று கிழமை ஆமி முகாமில் கிடந்து அடிவாங்கிய பிறகு, பஸ்ரியனின் தலையிலும் ஒரு சாக்கைக் கவிழ்த்தார்கள். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் ஜீப்புக்குள் இருத்தினார்கள். அன்று பதினொரு பேர் லொறி ஏறினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. மனைவி றோஸ்மேரிக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்குக்கூடச் சொன்னதில்லை. சாக்குக்குள் இருந்தவன் முகத்தை யார் கண்டது?

இது வெளியில் வந்தால் கோயிலுக்குள்ளும் கால் வைக்க முடியாது, கடைத்தெருவிலும் நடமாட முடியாது. மாட்டேன் என்று எழும்பிப் போனாலோ, ஏன் என்று கேள்வி வரும்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா பஸ்ரியன்? வழி வைத்திருந்தார். கேவலமாக நடித்துவிடுவது. சினிமா வில்லன் மாதிரிப் புஸ் புஸ்ஸென்று ஊதிவிட்டால், இவனுக்கும் சாக்குக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்தக் கொம்பனுக்கும் தோன்றாது.

ஊதினார்.

"டோக்கியோவில திருப்பி அனுப்பிடுவாங்கள், அங்கிள். ஒன் மோர்."

இன்னும் பலமாக ஊதினார்.

"என்னடா பஸ்ரியன், ரெண்டு கொத்து சாப்பிட்டுட்டு மாடிப்படி ஏறினவன் மாதிரி இளைக்கிறாய்?" என்றார் பத்மநாதன். "ஏலாதெண்டா சொல்லு. கீதனைக் கூப்பிடுவம்."

கீதனா? நாலு நகைக்கடை விளம்பரம் வாசித்தவன், எனக்குப் பதிலாகவா?

சுருக்கென்று தைத்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த புத்தி, அந்த ஒரு நொடியில் கைவிட்டது.

"ஓட விடு பிள்ளை," என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

சாக்குக்குள் மூக்கால் மூச்சு எடுக்க முடியாது. வாயால்தான், துண்டு துண்டாக. இழுக்கும்போது துணி உதட்டில் வந்து ஒட்டும். ஆள் முன்னால் வந்ததும் மூச்சு நிற்கும். தலை ஆடும். அதற்குப் பிறகுதான் மூச்சு வெளியே போகும்.

ஒருவன். இரண்டாமவன். மூன்றாமவன்.

சுபாங்கியின் கை பொத்தான்மேல் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு பத்மநாதனின் கைதி வந்தான். பஸ்ரியனின் மூச்சு நின்றது.

அன்றைக்கும் இப்படி ஒருவன் வந்து நின்றான். சாக்கின் கண் ஓட்டை விலகிப்போயிருந்தது, முகம் தெரியவில்லை. நீலச் சேர்ட்டின் பொத்தான் ஒன்று மட்டும் தெரிந்தது. முதுகில் ஆமிக்காரனின் துவக்குமுனை இடித்தது. இனி ஏலாது என்று இருந்தது அந்தப் பத்தொன்பது வயதுக்காரனுக்கு. ஆடப்போன தலையை ஆடவிடாமல் இருமினான். ஆமிக்காரன் சலித்துப்போய் நீலச் சேர்ட்டை வரிசைக்கு வெளியே தள்ளிவிட்டான். அவன் வீட்டுக்குப் போனான்.

கக், கக்.

பஸ்ரியன் திடுக்கிட்டுக் கண் விழித்தார். இருமியது இப்போதுதான். ஒலிவாங்கிக்குள்.

"ஓ மை கோட், அங்கிள், எனக்கு மயிர் கூச்செறியுது!" என்றாள் சுபாங்கி. "படத்தில இருமல் மட்டும் இல்லை. அதைக் கட் பண்ணிடுறன்."

"வெட்டாதை பிள்ளை."

பத்மநாதன் ஹெட்போனைக் கழற்றி மெல்ல மேசையில் வைத்தார். பஸ்ரியனின் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"அண்டைக்கும் ரெண்டுதரம்தான் இருமினாய்."

கீழே கொத்துச் சத்தம் ஓய்ந்திருந்தது. திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. வரிசையில் அடுத்தவன், மெலிந்த ஒருவன், ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றான். சாக்கு அவன் பக்கம் திரும்பியது.

பத்மநாதன் அவனை விரலால் காட்டினார்.

"அண்டைக்கு எனக்குப் பின்னால நிண்டவன் என்ர தம்பி. எங்க, இவனுக்கும் ஒருக்கா இருமு பாப்பம்."