ஒன்பதாவது துடிப்பு

டம்ப் கோப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, இறந்துபோனவரின் இதயத்தை.

ஜம்மென்று துடித்துக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை பதினொன்று பத்துக்கு, ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் கட்டிலின் இதய மானிட்டர் கிராஷ் ஆகித் திரை இருண்டது. நர்ஸ் ஓடிப்போய்ப் பெரியவரின் கையைத் தொட்டபோது சில்லிட்டிருந்தது. உயிர் போய் அரை மணி நேரமாவது இருக்கும் என்றார் டாக்டர்.

"பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன், துடிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது" என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார்.

யாரும் நம்பவில்லை. இன்று நான்கு மணிக்கு விசாரணை. போகப்போவது நர்ஸின் பதினேழு வருட வேலை.

மானிட்டர் எங்கள் கம்பெனியுடையது. அதனால்தான் டம்ப் என் மேஜைக்கு வந்தது. மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல் விழுந்த கணத்தில் மெஷினின் நினைவில் என்னவெல்லாம் இருந்ததோ, அத்தனையையும் அப்படியே அள்ளி வைத்திருக்கும் கோப்பு.

"செத்த ஆளுக்கு அரை மணி நேரம் நெஞ்சு துடிச்சுதாமா? மொதல்ல உன் கண்ணை டெஸ்ட் பண்ணு மச்சான்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். எட்டிப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

திரையில் வரிசையாகத் துடிப்புகள். கடைசி வினாடி வரை.

எழுபத்தெட்டு வயது நுரையீரல் நோயாளிக்கு இவ்வளவு திடமான துடிப்பா?

நர்ஸுக்கே போன் போட்டேன். "சிஸ்டர், அந்தத் துடிப்புல வித்தியாசமா ஏதாவது கவனிச்சீங்களா?"

"எட்டு சரியா வரும் சார், ஒன்பதாவது விட்டுப்போகும். காலையில இப்படி இல்லியேன்னு நெனச்சேன். டூட்டி டாக்டர்கிட்டகூடச் சொன்னேன், வயசானா அப்படித்தான்னுட்டார்."

எண்ணினேன். எட்டு. ஒரு வெற்றிடம். மறுபடி எட்டு.



"லைன்லயே இருங்க சிஸ்டர்."

இந்தத் துடிப்புகள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். நோயாளியின் நெஞ்சிலிருந்து வருபவை உட்காரும் இடத்தில் இல்லை. அந்த இடம் பத்தரை மணியிலிருந்தே காலி. ஒட்டியிருந்த ஒயர் கழன்றிருக்கிறது.

இவை வேறு இடத்திலிருந்து வந்திருந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன், மெஷினை உருவாக்கும்போது சோதிக்க நோயாளி இல்லை. அலுவலகத்திலேயே ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சில் ஒயரை ஒட்டி, நாற்பது நிமிடம் பதிவு செய்தோம். ஒயர் இல்லாவிட்டால் அந்தப் பதிவு ஓடும்படி ப்ரோக்ராமில் ஒரு வரி. வாங்க வருகிறவர்களுக்குத் திரையில் ஏதாவது காட்ட வேண்டுமே.

விற்பனைக்குப் போகுமுன் எடுத்திருக்க வேண்டிய வரி. எடுக்கவில்லை.

பத்தரைக்கு ஒயர் கழன்றது. எச்சரிக்கை மணி அடிப்பதற்குப் பதில் பதிவு ஓடியது. அதன் நிழலில் பெரியவர் சத்தமில்லாமல் போய்விட்டார். நாற்பது நிமிடம் முடிந்ததும் அடுத்த துடிப்பைத் தேடிப்போன மெஷின், நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தது. கெர்னல் அங்கேயே விழுந்தது.

விழாமல் இருந்திருந்தால் பெரியவர் திரையில் இன்னும் துடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அறிக்கையை எழுதினேன். நர்ஸ் மீது தவறில்லை. இதே மானிட்டர் உள்ள கட்டில்களில் திரையை நம்பாதீர்கள், நோயாளிகளை உடனே தொட்டுப் பாருங்கள். அனுப்பினேன். மணி மூன்று நாற்பது.

"சிஸ்டர், நீங்க பார்த்தது உண்மைதான். மெஷின்தான் நாப்பது நிமிஷம் பொய் சொல்லியிருக்கு. அது பெரியவரோட துடிப்பே இல்ல."

மறுமுனையில் விசும்பல். பிறகு மெல்லிய குரல்.

"அப்போ நான் நாப்பது நிமிஷம் பார்த்துக்கிட்டிருந்தது யாரோட உயிர் சார்?"

பக்கத்து சீட்டுக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஒயர் ஒட்டியவன் அவன்தான்.

நான் இரண்டு விரல்களை என் மணிக்கட்டில் வைத்தேன்.

எட்டு வரை எண்ணினேன்.

ஒன்பதாவது வரவில்லை.