எஞ்சினுக்குக் கட்டிய வரி

“நான் அந்த பிளேன்ல ஏற மாட்டேன்.”

பாக்கியலட்சுமி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்ன சொல்லில், விருந்துக்கு வந்திருந்த ரவூப் பாய்க்குப் புரையேறியது. பாக்கியத்தின் கணவர் அழகப்பன் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

அது என்ன சாதாரண பிளேனா? சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, அழகப்பன் தன் கையாலேயே கட்டுகிற விமானம். இரண்டே பேர் உட்காரலாம். விமானம் பழுதுபார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஓட்டுவதற்கு லைசென்ஸும் வைத்திருக்கிறார். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ரவூப், ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கொட்டகையில்தான் கிடப்பார். இருக்கைகளுக்கு உறை தைத்ததே அவர்தான்.

பக்கத்து இருக்கையில் முதலில் உட்காரப் போவது பாக்கியம்தான், அதுவரை வேறு யாரையும் ஏற்ற மாட்டேன் என்று அழகப்பன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தப் பாக்கியமே மாட்டேன் என்றால்?

எல்லாம் வாயால் வந்த வினை. சற்று முன் சாப்பிடும்போது சும்மா இருக்காமல், அழகப்பன் தன் கெட்டிக்காரத்தனத்தை அவிழ்த்துவிட்டார். எஞ்சின் வந்து இறங்கிவிட்டதாம். விற்றவனிடம் பேசி, பாதி விலைக்கு ஒரு பில் போட வைத்தாராம். சுங்கத்தில் அதையே காட்டியதால் ஜிஎஸ்டி வரியும் பாதிதானாம்.

“ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கல பாய்” என்று மீசையைத் தடவினார். ரவூப்பும் சேர்ந்து சிரித்தார்.

பாக்கியம் சிரிக்கவில்லை.

“யாரும் பாக்கலேன்னு விலையை மறைச்சவர், றெக்கையில எத்தனை போல்ட்டை மறைச்சாரோ, யார் கண்டா? வரியில ஏமாத்தினவர் கட்டின பிளேன்ல என்னால ஏற முடியாது.”

அழகப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு போல்ட்டில் சின்னக் கீறல் இருந்தாலும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குகிறவர் அவர். ரவூப் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பாக்கியம் மசியவில்லை.

இப்படிச் சொல்லக்கூடியவர்தான் பாக்கியம் என்று ரவூப் நினைத்துக்கொண்டார். தேக்கா சந்தையில் மீன்காரர் காசு வாங்க மறந்துவிட்டார் என்று, ஆங் மோ கியோவில் வீடு வரை வந்துவிட்ட அழகப்பனைத் திரும்ப எம்ஆர்டி ரயில் ஏற்றி அனுப்பிய பெண்மணி. பதினாலாவது மாடியில் காற்றோட்டமான பெரிய வீடு கிடைத்தபோதுகூட, “நமக்கு எதுக்குண்ணே அதெல்லாம்” என்று சொல்லி இந்த இரண்டாவது மாடி வீட்டோடு நின்றுகொண்டவர். இப்படி ஆசையில்லாத பொம்பளையைப் பார்த்ததே இல்லை என்று தன் மனைவி பதுருன்னிசாவிடம் புகழ்ந்து, ரவூப் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அழகப்பன் இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ரவூப்பைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போனார். உண்மையான பில்லை எடுத்து வைத்து, “நான் பொய் சொல்லிட்டேன்” என்றார். மிச்ச வரியோடு அபராதமும் கட்டச் சொன்னார்கள். விமானத்துக்குச் சிவப்பு வண்ணம் அடிக்க ஆசையாக ஒதுக்கி வைத்திருந்த பணம் அப்படியே போயிற்று.

“வெள்ளையாவே இருக்கட்டும் லா. கொக்கு மாதிரி அழகா இருக்கும்” என்று ரவூப்தான் தேற்றினார். மூக்குப் பக்கம் ‘பாக்கியம்’ என்று தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார்.

பணம் கட்டின ரசீதைப் பார்த்ததும் பாக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

“முழுசாவா கட்டிட்டீங்க? நீங்களே போயா சொன்னீங்க?”

கணவர் திருந்திவிட்ட பூரிப்பில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று ரவூப் நினைத்தார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

சோதனை ஓட்டமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. கடைசியில் அந்த நாளும் வந்தது. எல்லை தாண்டி மலேசியாவில், ஜொகூர் பக்கம் ஒரு சின்ன ஓடுதளம்; சோதனைக்காக விமானத்தை முன்பே லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோயிருந்தார்கள். அழகப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து இருக்கையைத் தன் கைக்குட்டையால் மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்று ரவூப் கிட்டே வந்தார்.

“அண்ணே, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு உயரம்னாலே உசுரு போயிடும். ஊருக்குப் போற பெரிய பிளேன்லயே கண்ணைத் திறக்க மாட்டேன். ஆசை ஆசையாக் கட்டுறவர்கிட்ட எப்படிச் சொல்றது? அன்னிக்கு அந்த வரிப் பேச்சு வந்துச்சா, அதையே சாக்காப் பிடிச்சுக்கிட்டேன். இந்த மனுஷன் நெசமாவே போய்க் கட்டுவார்னு யார் கண்டா?”

ரவூப் வாயைப் பிளந்தார். “அப்போ அந்தப் பதினாலாவது மாடி?”

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார்.

ரவூப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இதுக்குப் போயாம்மா? நான் சொல்றேன், நம்ம அழகப்பன் ஒண்ணும் நினைக்க மாட்டான். நீ வா, வீட்டுக்குப் போகலாம்.”

தூரத்தில் அழகப்பன் சின்னப்பிள்ளை மாதிரி கையசைத்துக் கூப்பிட்டார். பாக்கியம் அவரையே பார்த்தார். பாட்டிலை ரவூப்பின் கையில் திணித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகினார்.

“வேணாம்ணே. அவர் சொன்ன பொய்க்கு அவர் வரி கட்டிட்டார். நான் சொன்ன பொய்க்கு நான் கட்ட வேணாமா?”

“முருகா” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, விமானத்தை நோக்கி நடந்தார்.