கடல் பார்க்கப் போனவர்கள்

பஸ் கிளம்புவதைப் பார்த்ததுமே லோசா வாசலுக்கு ஓடிவந்தாள்.

அடிக்கிற ஆல்ஃப், துப்புகிற வால்டர், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற மேவிஸ். முதியோர் இல்லத்தின் முரட்டு ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். இந்த நாட்டுக் குளிர்காலமான ஜூலையில், கொட்டுகிற மழையில், கடல் பார்க்கப் போகிறார்களாம்!

"இன்னைக்குன்னு பாத்து ஏன்க்கா அனுப்பறாங்க?"

"வேற எதுக்கு?" என்றாள் தொழிற்சங்கப் பிரதிநிதி ஹூஹானா. "வேலையை எடைபோட ஆள் வர்றாருல்ல. உள்ள சாதுவா நாலு பேர் மட்டும் இருந்தா, இது டீ ஊத்திக் குடுக்கற வேலைன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. மேனேஜரம்மா லேசுப்பட்ட ஆளா?"

"நான் வாயால சொல்லிடட்டுமா?"

"கண்ணால பாத்ததைத்தான் எழுதுவாராம், தங்கச்சி."

முதியோரைக் கவனிக்கும் பெண்களின் வேலையும் சிறைக்காவலர்களின் வேலையும் ஒரே அளவு கடினம். அதனால் ஒரே சம்பளம் வேண்டும், இத்தனை காலம் குறைத்துக் கொடுத்ததற்கு ஈடும் வேண்டும் என்று சங்கம் வருஷக்கணக்காகப் போராடுகிறது. இன்று பார்க்கப்போவது லோசாவின் வேலையை. இதில் கோட்டைவிட்டால் எல்லோருக்கும் போச்சு. விடியுமுன் இறைச்சித் தொழிற்சாலையைக் கழுவும் இரண்டாவது வேலையை அவளும் விட முடியாது. மகன் கண்விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்கப்போவதில்லை.

மதியம் வந்தார் வேலையை எடைபோடும் கிரேம், கையில் பேனாவோடு. பக்கத்தில் சிரித்த முகமாக மேனேஜர் கிளெனிஸ்.

"முதல்ல நோலாவைப் பாக்கலாம், சார். தங்கமான மனுஷி."

உண்மைதான். தலை வாரிவிட்டால்கூட நன்றி சொல்கிறவர் நோலா.

"நோலா, பூசணி சூப் கொண்டுவந்திருக்கேன்…"

கிண்ணம் பறந்து சுவரில் மோதியது.

"விஷம்! இவ எனக்கு விஷம் வெச்சிருக்கா!"

லோசா அருகே ஓடினாள். ஐயோ, இவருக்கு என்ன ஆயிற்று? மூளையில் ஏதாவதா? குனிந்து பார்ப்பதற்குள் அவள் கூந்தல் நோலாவின் பிடியில்.

"பரவாயில்ல நோலா… நான்தான், லோசா… மெதுவா விடுங்க…"

விரல் விரலாகப் பிரித்தாள். அடுத்த நொடி மூக்கில் ஓர் அடி. ரத்தம். ஒரு கையால் அதைத் துடைத்தபடியே, கட்டிலிலிருந்து சரிந்த நோலாவை மறுகையால் தாங்கிக்கொண்டாள். காதோரம் தன் சமோவா மொழித் தாலாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். மூச்சு தணிந்தது. மானம் மறைத்து ஈர உடையை மாற்றினாள். விரிப்பை மாற்றினாள். நோலா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படி நடந்ததே இல்ல, சார்!" கிளெனிஸின் முகம் சிவந்திருந்தது. "லோசா, அவங்கள என்ன பண்ணித் தொலைச்சே?"

போச்சு. சம்பள உயர்வு இருக்கட்டும், இருக்கிற வேலையே போச்சு.

கிரேம் நிமிர்ந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இப்படி நடக்குமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் நோலாவின் மேல் எப்படிப் பழி போடுவது?

"இவங்க ஒரு நாளும் பண்ணதில்ல, சார்." லோசா நோலாவின் போர்வையைச் சரிசெய்தாள். "மத்தவங்க… தினமும்."

"அந்த மத்தவங்க எங்க?"

லோசா மேனேஜரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"கடல் பார்க்கப் போயிருக்காங்க."

கிரேம் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு குனிந்து நெடுநேரம் எழுதினார். இருவரும் வெளியே போனார்கள்.

மூக்கில் துணியை அழுத்தியபடி லோசா சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போயிட்டானா?"

திரும்பினாள். நோலா ஒற்றைக் கண்ணைத் திறந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டானா?"

"எ… எழுதினார்."

"அப்பாடா! காலையில நீங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. சும்மா கையை ஓங்கணும்னுதான் நெனச்சேன். பழக்கமில்லையா, மூக்குல பட்டுடுச்சு. ரொம்ப வலிக்குதா, கண்ணு?"