சுவரில் முட்டும் நாயகன்

வீடியோ கேமுக்குள் ஒரு பாழடைந்த மாளிகை. பனிமூட்டமும் ஊளைச் சத்தமும் பிரமாதம். கதவுக்குப் பின்னால் பேய் காத்திருந்தது. விளையாடுகிற பெண்ணை ஒருமுறையாவது அலறவைக்க வேண்டும் என்பது அதன் ஆசை.

ஆனால் அவள் இயக்கிய நாயகன் கதவை விட்டுவிட்டுச் சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடேய் ஜாய்ஸ்டிக், வலது பக்கம் தள்ளினா இடது பக்கம் போறியே! என் மானம் போகுதுடா" என்று அவள் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைத் திட்டியது பேய்.

"என் பிறவி அப்படிண்ணே."

பொறுமையிழந்த பேய் தானே கதவைத் திறந்துகொண்டு வந்தது. அவள் நாயகனை ஓடவைக்கப் பார்த்தாள். அவன் மறுபடியும் சுவரில் முட்டினான். பேய் நெருங்கியது. அவள் அலறிய அலறலில் ஜாய்ஸ்டிக் கைநழுவித் தரையில் விழுந்தது.

"தம்பி, அடி கிடி படலையே?" என்றது பேய், பூரிப்போடு.

"இல்லண்ணே. விழுந்ததுல எல்லாம் சரியாயிடுச்சு. இனி சொன்ன பக்கமே திரும்புவேன்."

பேய்க்குப் பயம் வந்தது.